பூதத்துக்கு எத்தனை நிமிடம்?

பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து பேரன் வந்திருந்தான். இஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு. வந்த அன்று இரவே கூடத்து டி.வி.யில் ஏதோ கம்பியைச் சொருகி, 2014இல் வந்த ஹாலிவுட் 'காட்ஸில்லா' படத்தைப் போட்டான். நானும் சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எனக்கு இது வேண்டாம்" என்று படுக்கப் போய்விட்டாள். படம் முடிந்ததும் பேரன் கோபமாக இருந்தான்.

"பாத்தீங்களா தாத்தா? ரெண்டு மணி நேரப் படம். காட்ஸில்லா மொத்தமா பத்து நிமிஷம் வந்தா அதிகம். படத்துக்குப் பேரு மட்டும் அதோட பேரு. இது ஏமாத்து வேலதானே?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஏன் தோன்றவில்லை என்று உடனே சொல்லவும் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லமாட்டோம். முதலில் ஃபைலைத் திறப்போம். அடுத்த ஒரு வாரம் தாத்தாவும் பேரனும் இரவுக்கு ஒரு பூதப் படம் பார்த்தோம். கையில் கடிகாரம், மடியில் கோடு போட்ட நோட்டு. பூதம் திரைக்கு வரும் நேரம், போகும் நேரம், இரண்டையும் குறித்தேன். பேரன் சிரித்தான். சிரிக்கட்டும். அந்த ஃபைலில் நான் எழுதிய முடிவுக் குறிப்புதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு பழைய பாடம். நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது இங்கே வழக்கமாக வரும் அன்பர்களுக்குத் தெரியும். எங்கள் முசியே ஒருவர் எந்தச் சொல்லைக் கண்டாலும் அதன் வேரைத் தோண்டாமல் விடமாட்டார். பூதத்துக்குப் பிரெஞ்சில் 'மோன்ஸ்த்ர்'. காட்டுவதற்கு 'மோந்த்ரே'. இரண்டும் ஒரே குடும்பம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். லத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்குத் தெய்வம் அனுப்பும் அறிகுறி என்று பொருள். அதற்கும் அடியில் இருக்கும் வேர் 'எச்சரி' என்பது. ஆக, பூதம் என்றால் காட்டப்படுவது. எதற்காகக் காட்டப்படுகிறது என்றால் எச்சரிக்க. பன்னிரண்டு வயதில் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். எழுபது தாண்டி ஒரு ஜப்பானியப் பல்லிக்காக உதவும் என்று நினைக்கவில்லை.

அதே வகுப்பறையில்தான் நான் பார்த்த முதல் பூதமும் வந்தது. பார்த்த என்று சொல்வது தவறு, கேட்ட பூதம். ராசீன் எழுதிய 'ஃபேத்ர்' நாடகம், 1677. கடலிலிருந்து ஒரு கொடிய மிருகம் கிளம்பி வருகிறது. பாதி காளை, பாதி நாகம் மாதிரி. அதைக் கண்டு குதிரைகள் மிரண்டு ஓட, தேர் உடைந்து, இளவரசன் இப்பொலித் இழுபட்டுச் சாகிறான். இவ்வளவும் நடப்பது மேடைக்கு வெளியே. அவனை வளர்த்த தெராமேன் என்பவர் வந்து, மகனைப் பறிகொடுத்த தகப்பனிடம் நின்று, எழுபதுக்கும் மேற்பட்ட வரிகளில் சொல்கிறார். அவ்வளவுதான். கோரத்தை மேடையில் காட்டக்கூடாது என்பது அந்தக் காலத்து பிரெஞ்சு நாடக மரபு. அந்தப் பூதம் மேடையில் நிற்கும் நேரம் பூஜ்யம். ஆனாலும் முசியே அதைப் படித்துக் காட்டிய அன்று பின் பெஞ்சில்கூடச் சத்தமில்லை. நாங்கள் பயந்தது மிருகத்தைப் பார்த்து அல்ல. கேட்டுக்கொண்டிருக்கும் தகப்பனை நினைத்து.

பேரனிடம் இதைச் சொன்னேன். "அது டிராமா தாத்தா. அப்ப கிராபிக்ஸ் கிடையாது" என்றான். நியாயமான ஆட்சேபம்தான். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்து 'ஜாஸ்'. எழுபதுகளின் கடைசியில், நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தபோது, ஊர்க் கொட்டகையில் பார்த்த படம். 1975இல் ஸ்பீல்பெர்க் எடுத்தது. அந்தச் சுறா முழு உருவமாகக் கண்ணுக்குத் தெரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அது திட்டம் போட்டுச் செய்ததல்ல என்பதுதான் வேடிக்கை. இயந்திரச் சுறா ஒன்று செய்து வைத்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் இறக்கியதும் அது மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனது. வேறு வழியில்லாமல் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமல் அதன் அடையாளங்களைக் காட்டினார். தண்ணீரில் ஓடும் மஞ்சள் பீப்பாய். பிய்ந்து போன மரத்துறை, திரும்பி ஆளை நோக்கி வருவது. ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுர இசை. கொட்டகையில் பெண்கள் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்கள். தரையில் என்ன கடலா இருந்தது?

இந்த முறை நோட்டோடு பார்த்தபோது ஒன்று கவனித்தேன். படத்திலேயே மிகவும் பயமுறுத்தும் இடத்தில் சுறாவே இல்லை. இரவில் படகுக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கிழட்டு மாலுமி குவின்ட், 1945இல் இண்டியானபொலிஸ் என்ற போர்க்கப்பல் மூழ்கியபோது கடலில் மிதந்த சிப்பாய்களைச் சுறாக்கள் என்ன செய்தன என்று சொல்கிறார். குரல் உயர்த்தாமல் சொல்கிறார். மற்ற இருவரும் கேட்கிறார்கள். அட, இது நம்ம தெராமேன்! முந்நூறு வருடம் கழித்து அமெரிக்கப் படகில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். கிராபிக்ஸ் இல்லாததால்தான் ராசீன் அப்படி எழுதினார் என்ற பேரனின் ஆட்சேபம் இங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. அவனே ஒப்புக்கொண்டான்.

மூன்றாம் நாள் மூலப் படத்துக்கே போனோம். ஜப்பானில் இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கோஜிரா', கறுப்பு வெள்ளை. அது வெளியானது 1954 நவம்பர் 3ஆம் தேதி. அதற்கு இரண்டு நாள் முன்னால், நவம்பர் 1ஆம் தேதிதான் நம் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. எனக்கு அப்போது மூன்று வயது. அப்பா தோளில் உட்கார்ந்து கொடி பார்த்ததாக அம்மா சொல்வார்கள். அந்த வாரம் டோக்கியோக்காரர்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரிய எழுபது வருடம் ஆகியிருக்கிறது.

அவர்கள் பார்த்தது வெறும் பல்லி அல்ல. அந்த வருடம் மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை செய்தது. அந்தச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படகில் 23 பேர். அவர்களில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவர் செப்டம்பரில் இறந்துபோனார். ஆறு வாரத்தில் படம் வருகிறது. படத்தின் தொடக்கமே கடலில் ஒரு கப்பல் திடீரென்று ஒளியில் எரிந்து மூழ்குவதுதான். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

பூதத்தின் தலை ஒரு மலை முகட்டுக்கு மேல் எட்டிப் பார்க்கவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதுவும் சில விநாடிகள். அதற்கு முன்னால் காணாமல் போன கப்பல்கள், அழும் குடும்பங்கள், புயல் இரவில் இடியும் வீடுகள், குளம் மாதிரி ஒரு காலடித்தடம். டோக்கியோவை அழிப்பதெல்லாம் இரவில். ஏறத்தாழ நூறு கிலோ எடையில் ஒரு ரப்பர் உடை தைத்து, அதற்குள் நகஜிமா என்ற நடிகரை இறக்கி, பொம்மைக் கட்டடங்களை மிதிக்கவிட்டார்கள். இருட்டு அந்த ரப்பரை மறைத்தது உண்மைதான். ஆனால் மறைத்ததோடு நிற்கவில்லை. ஒன்பது வருடம் முன்னால்தான் அந்த ஊர் விமானக் குண்டுகளில் இரவெல்லாம் எரிந்திருந்தது. அந்த இரவும் அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

எனக்கு அந்தப் படத்தில் நிற்பது இரண்டு இடங்கள். ஒன்று, தெருவில் குழந்தைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தாய், சீக்கிரம் அப்பாவிடம் போய்விடலாம் என்று அவர்களுக்குச் சொல்கிறாள். அப்பா எங்கே இருக்கிறார் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. இன்னொன்று, மறுநாள் காலை ஆஸ்பத்திரி. தரையெல்லாம் காயம்பட்டவர்கள். ஒரு குழந்தையின் அருகில் கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கொண்டுபோகிறார்கள். கருவி சத்தம் போடுகிறது. வைத்தியர் தலையை மட்டும் அசைக்கிறார். இந்த இரண்டாவது இடத்தில் பூதம் கடலுக்குள் போய்விட்டது. ஆனால் நோட்டில் அந்த நேரத்தையும் அதன் கணக்கில்தான் எழுத வேண்டும் என்று எனக்குப் பட்டது. என் கடிகாரக் கணக்கு அங்கேதான் முதலில் குழம்பியது.

இங்கே பேரன் தன் கட்சிக்காக ஒரு சாட்சியைக் கொண்டு வந்தான். 2006இல் போங் ஜூன்-ஹோ எடுத்த கொரியப் படம், 'தி ஹோஸ்ட்'. "பாருங்க தாத்தா" என்றான். பார்த்தேன். படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பட்டப்பகலில், ஹான் ஆற்றங்கரையில் ஜனங்கள் பாய் விரித்துப் பீர் குடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், அந்த மிருகம் முழு உருவத்தோடு ஓடி வருகிறது. மறைவு இல்லை, இருட்டு இல்லை. வழுக்கி விழக்கூடச் செய்கிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. காட்டாமல் வைத்தால்தான் பயம் என்று நான் கட்டி வைத்திருந்த வாதம் அப்படியே சரிந்தது.

யோசித்துப் பார்த்தேன். அந்தப் படம் ஏன் நிற்கிறது? மிருகம் தூக்கிக்கொண்டு போவது ஒரு சிறுமியை. அவளுடைய அப்பன் கடையில் தூங்கி வழியும் மந்தமான ஆள். ஓடும் கூட்டத்தில் மகள் கை என்று நினைத்து வேறொரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். திரும்பிப் பார்க்கிறான். அந்தத் திரும்பிப் பார்த்தலுக்குப் பிறகு மிருகம் எத்தனை நிமிடம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? நமக்கு அந்தக் குடும்பத்தோடு போக வேண்டும்.

இப்போது பேரனின் கோபம் எனக்குப் புரிய ஆரம்பித்தது. 2014 படத்தில் அவனைக் கோபப்படுத்தியது பத்து நிமிடம் என்ற கணக்கல்ல. மற்ற நூற்றுப் பத்து நிமிடத்தில் யார் இருந்தார்கள் என்பது. மனைவியைப் பறிகொடுத்து, உண்மையைத் தேடி அலையும் ஒரு தகப்பன் இருக்கிறார். அவர் இருக்கும்வரை நாமும் அவரோடு இருக்கிறோம். அவரைப் பாதிக்கு முன்னாலேயே சாகடித்துவிடுகிறார்கள். பிறகு வருகிறவர்கள் நல்லவர்கள், அழகானவர்கள், ஆனால் அவர்கள் பிழைத்தால் என்ன என்று நம் மனம் கேட்கிறது. அந்த இடத்தில் பார்வையாளன் வேறு என்ன செய்வான்? கடிகாரத்தைப் பார்ப்பான்.

இன்னொரு குற்றமும் அதில் உண்டு. ஹவாய் விமான நிலையத்தில் காட்ஸில்லா முதல் முறையாக முழுசாக எழுந்து நின்று, எதிரியைப் பார்த்துக் கர்ஜிக்கிறது. நாம் நாற்காலி நுனிக்கு வருகிறோம். உடனே காட்சி வெட்டுப்பட்டு, வேறு ஊரில் ஒரு வீட்டு டி.வி.யில் அந்தச் சண்டை செய்தியாக ஓடுகிறது. சின்னப் பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைப் புத்திசாலித்தனம் என்று மெச்சுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கவுன்டரில் மனுவை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்று சொல்வது போல் இருந்தது. நானே பல பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்; அதனால் அந்த முகக்குறி எனக்குத் தெரியும். மறைத்து வைப்பது வேறு, இழுத்தடிப்பது வேறு.

ஆனால் அதே படத்தில் ஒரு காட்சிக்கு நான் முழு மார்க் போட்டேன். சிப்பாய்கள் ஆகாயத்திலிருந்து சிவப்புப் புகை கக்கிக்கொண்டு குதிக்கிறார்கள். மேகத்தைக் கிழித்து விழும்போது ஒருவனுடைய கண்ணாடி வழியாக நாம் பார்க்கிறோம். பக்கத்தில் ஒரு சுவர் மாதிரி ஏதோ போய்க்கொண்டே இருக்கிறது. அது பூதத்தின் உடம்பு. சில விநாடிகள்தான். ஆனால் அதன் அளவு அப்போதுதான் வயிற்றில் உறைக்கிறது, ஏனென்றால் பக்கத்தில் ஒரு மனிதன் விழுந்துகொண்டிருக்கிறான்.

பெருமை என்பது ஒப்பீட்டில் இருக்கிறது. 1954இல் அந்தப் பூதத்தின் உயரம் 50 மீட்டர். அன்றைய டோக்கியோவுக்கு அது போதும். முப்பது வருடம் கழித்து 1984இல் படம் எடுத்தபோது டோக்கியோவில் வானளாவிய கட்டடங்கள் வந்துவிட்டன. 50 மீட்டர் பூதம் அவற்றின் இடுப்புக்குத்தான் வரும். அதனால் அதை 80 மீட்டராக்கினார்கள். பிறகு 100. 2016 படத்தில் 118 மீட்டருக்கும் மேல். ஊர் வளர வளரப் பூதமும் எட்டி எட்டி நிற்க வேண்டியிருக்கிறது. 2023இல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' கதை போர் முடிந்த காலத்தில் நடப்பதால், மறுபடி 50 மீட்டருக்கே திரும்பிவிட்டார்கள். பயத்தில் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை.

இதற்கு நேர்மாறாக, பேரன் ஆசையோடு போட்ட 2024 படம், காட்ஸில்லாவும் காங்கும் சேர்ந்து வருவது. அதில் பூதங்களுக்கு நேரப் பஞ்சமே இல்லை. பூமிக்கு அடியில் ஓர் உலகம், அங்கே குரங்கு பூதங்கள் தமக்குள் சண்டை போடுகின்றன. பக்கத்தில் மனிதனும் இல்லை, வீடும் இல்லை. ஐந்து நிமிடத்தில் காங் எனக்கு நம் தெருவில் நடமாடும் குரங்கு அளவுக்கு வந்துவிட்டது. பேரன் குதூகலமாகத்தான் பார்த்தான். நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன். குதூகலம் தப்பில்லை, திருவிழாவில் ராட்டினம் சுற்றுவதும் தப்பில்லை. ஆனால் அது என்னை எதைக் குறித்தும் எச்சரிக்கவில்லை. முசியே சொன்ன பொருளில் அது பூதமே இல்லை.

கடைசியாக 'ஷின் காட்ஸில்லா'. 2016, ஹிதேயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் எடுத்தது. இதைப் பார்க்கும்போது நான் வாய்விட்டுச் சிரித்தேன். இது பூதப் படமே அல்ல, ஆபீஸ் படம்! டோக்கியோ விரிகுடாவில் ஏதோ நடக்கிறது. உடனே கூட்டம். அந்தக் கூட்டம் முடிந்ததும் வேறு அறையில் இன்னொரு கூட்டம். ஒவ்வோர் ஆளுக்கும் கீழே பெயர், பதவி, எல்லாம் எழுத்தில் வருகிறது. நிபுணர்களை அழைக்கிறார்கள், அவர்கள் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. ஓர் உத்தரவு பிறக்கிறது. அது எந்த இலாகாவுக்கான உத்தரவு என்று ஒருவர் கேட்கிறார். பிரதம மந்திரி நிருபர்களிடம், மிருகம் கரையேறாது, கவலை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கரையேறிவிட்டது என்று காதில் வந்து சொல்கிறார்கள். வரிசை வரிசையாக ஜெராக்ஸ் மெஷின்கள் வந்து இறங்குகின்றன. பேரன், "இதுல காட்ஸில்லா எங்க தாத்தா?" என்றான். "நீங்க ஆபீஸ்ல இருந்தவர், அதான் உங்களுக்குப் பிடிக்குது" என்றும் சொன்னான்.

உண்மை. ஆனால் அதற்குமேல் ஒன்று இருக்கிறது. அந்த ஜெராக்ஸ் மெஷின் வரிசையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதை அவனிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வீட்டில் இருந்தேன். கடற்கரையிலிருந்து ஆறு தெரு உள்ளே. தெருவில் ஓடும் சத்தம் கேட்டது. கடல் உள்ளே வருது என்றார்கள். புதுச்சேரி நகரத்தைக் கடற்கரைக் கற்சுவர் பெரும்பாலும் காப்பாற்றிவிட்டது. மீனவர் குப்பங்களும் காரைக்காலும்தான் அடி வாங்கின. நான் அந்த அலையைப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் டி.வி.யில்தான் பார்த்தேன். எந்த ஊர்க் கரையோ, யாரோ எடுத்த துண்டுப் படம். உடம்பு நடுங்கியது. ஆனால் அதே துண்டை மறுநாளும் போட்டார்கள், அதற்கு மறுநாளும் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை அதைப் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிட்டேன். சட்னி போதவில்லை என்று கேட்கவும் கேட்டேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து நிவாரணப் பட்டியல் வேலைக்காக எங்களில் சிலரைக் காரைக்காலுக்கு அனுப்பினார்கள். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மேசை, பெஞ்சு, ஜெராக்ஸ் மெஷின், கட்டுக் கட்டாகத் தாள். வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், வயது. நான் எழுதினேன். வயது என்ற கட்டத்தில் ஒற்றை இலக்கம் அடிக்கடி வந்தது.

ஒரு மீனவப் பெண் தினமும் வருவாள். மனு எதுவும் இல்லை, அதெல்லாம் கொடுத்தாகிவிட்டது. "ஐயா, பேரு இருக்குங்களா?" என்பாள். இருக்கும்மா என்பேன். "எங்க, காட்டுங்க." அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரியில் அவள் விரலைக் கொண்டுவந்து வைத்துக் காட்ட வேண்டும். வைத்ததும், "ஒருவாட்டி படிங்க ஐயா" என்பாள். படிப்பேன். பெயர், தகப்பனார் பெயர், வயது 6. கேட்டுவிட்டுப் போய்விடுவாள். நான் அங்கே இருந்த மூன்று வாரமும் இது நடந்தது.

அலை கரையில் நின்றது சில நிமிடங்கள். அதன் ஃபைல் என்னிடம் 2011இல் நான் ஓய்வு பெறும்வரை ஏதாவது ஒரு ரூபத்தில் வந்துகொண்டிருந்தது. நிவாரணம், வாரிசுச் சான்று, வீடு, படகு, மறுபடி விசாரணை. என் வாழ்க்கையில் அந்த அலைக்குத் திரை நேரம் பூஜ்யம். டி.வி.யில் பார்த்த அலை மூன்று நாளில் சின்னதாகிப் போனது. பார்க்காத அலை, அந்தப் பெண்ணின் விரலுக்கு அடியில் இருந்த அலை, இன்றும் அதே உயரம்தான். இருபது வருடமாக நான் பீச் ரோட்டில் கடல் ஓரமாக நடப்பதில்லை. கட்டட ஓரமாகத்தான் நடக்கிறேன்.

'ஷின் காட்ஸில்லா' 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய பூகம்பத்தையும் சுனாமியையும் அணு உலை விபத்தையும் மனதில் வைத்து எடுத்த படம் என்று ஜப்பானியர்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் முடிவில் பூதம் சாகவில்லை, போகவும் இல்லை. உறைந்து, டோக்கியோ ரயில் நிலையத்துப் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. அதோடு சேர்ந்து வாழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆபீஸ்காரர்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறார்கள். அதை எழுதியவர்களுக்கு ஃபைல் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

ஆகவே என் முடிவுக் குறிப்பு இது. பூதத்தை ஒரு முறையாவது முழுசாக, நேர்மையாகக் காட்ட வேண்டும். பக்கத்தில் நமக்கு அளவு தெரிந்த ஒரு மனிதனோ ஒரு வீடோ இருக்க வேண்டும். அதைப் பாதியில் வெட்டிப் பார்வையாளனைத் திருப்பி அனுப்பக் கூடாது. அதற்குப் பத்து நிமிடம் தாராளமாகப் போதும். மிச்ச நேரம் வரப்போகிறது என்று அஞ்சுகிறவர்களுக்கும், வந்து போன பிறகு தெருவைக் கூட்டுகிறவர்களுக்கும் சொந்தம். அந்த மனிதர்களை ஒழுங்காக எழுதிவிட்டால், பூதம் வராத நிமிடமும் அதன் நிமிடம்தான். எழுதாவிட்டால் இரண்டு மணி நேரமும் அதையே காட்டினாலும் போதாது. பார்ப்பவன் கடிகாரத்தைத்தான் பார்ப்பான். 'மைனஸ் ஒன்' படம் 2024இல் ஆஸ்கர் வாங்கியது கிராபிக்ஸுக்காக. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டது கிராபிக்ஸுக்காக அல்ல. போரில் சாகாமல் திரும்பிவிட்டோமே என்று வெட்கப்படும் ஒரு விமானிக்காக.

பேரன் சுனாமிக் கதையை அதுவரை கேட்டதில்லை. அவன் பிறப்பதற்கு முந்தைய சமாச்சாரம்.

"அப்போ நீங்க அந்த அலையப் பாக்கவே இல்லையா?"

"இல்லடா தம்பி."

"ஒரு நிமிஷம்கூட?"

"இல்ல."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கமாக எட்டு மணிக்கு எழுகிறவன், ஐந்தரைக்கே எழுந்து என்னோடு நடக்க வந்தான். பீச் ரோட்டில் நான் என் வழக்கப்படி கட்டட ஓரம் நடந்தேன். அவன் எனக்கும் கடலுக்கும் நடுவில் நடந்து வந்தான். வேண்டுமென்று செய்தானா என்று நான் கேட்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது, அடுத்த விடுமுறைக்கு 1933இல் வந்த பழைய 'கிங் காங்' பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதில் குரங்கு வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று எச்சரித்திருக்கிறேன். "பரவால்ல தாத்தா, நோட்டை எடுத்து வைங்க" என்றான்.